அறுபது அடி தூரத்து அட்டைப்படம்

கூத்தனேந்தலுக்கு மாதம் இரண்டே இரண்டு ஒளிக்கூடு வந்துகொண்டிருந்த காலம் அது. ஒன்றை ஜோதி ஸ்டூடியோ கூரிச்சாமி வாங்குவார், இன்னொன்றை யாரும் சீண்ட மாட்டார்கள், மாதக் கடைசியில் பேருந்து நிறுத்தத்துக் காதர் பாய் அதைக் கட்டிப் பழையபடி மதுரைக்கே அனுப்பிவிடுவார். ஒளிக்கூடு என்பது புகைப்படக் கலைக்கென்றே வந்த மாத இதழ். பளபளவென்று தாள், பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டிய பொடி எழுத்தில் ஒரு வரி. எடுத்தவர் பெயர், எந்த ஊர், எந்தத் தேதி, எந்த லென்ஸ், எத்தனை நொடி என்று எல்லாமும் அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கும். "ஒலகத்துப் படமெல்லாம் போன்ல ஓசியா வந்து கொட்டுது, நீ ஒருத்தன் இதக் காசு குடுத்து வாங்குறியே மாப்ள, ஒனக்கே இது நல்லாருக்கா?" என்று காதர் பாய் கேட்பார். "ஒரு நாளு என் படம் இதுல வரும் மச்சான், அன்னைக்கு நீங்களே வாங்குவீக" என்பார் கூரிச்சாமி. மாதம் தவறாமல் ஒரு படம் அனுப்பி, மாதம் தவறாமல் ஏமாந்துகொண்டிருந்த மனிதர் அவர்.

அவர் மனைவி பூரணத்துக்கு அந்த இதழ் அடுக்களை அலமாரித் தட்டில் விரிக்கத்தான் பயன்பட்டது. தடித்த தாள், எண்ணெய் இறங்காது, கரப்பான் அரிக்காது. புருஷன் படித்து முடித்துக் கட்டிலுக்கடியில் அடுக்கியதும் இவள் நடுப்பக்கத்தை உருவிப் பருப்பு டப்பாவுக்கு அடியில் போட்டுவிடுவாள். அதைப் பார்த்தும் அவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். பூரணம் எது செய்தாலும் கூரிச்சாமி ஒன்றும் சொல்ல மாட்டார் என்பது ஊரறிந்த விஷயம், அதற்கான காரணமும் ஊரறிந்ததுதான் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது.

அந்தக் காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதினான்கு வருடத்துக்கு முன்னால், வைகாசி பிறந்து மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, ஏழு மாத வயிற்றோடு பூரணம் வறண்ட கண்மாய்க்குள் ஊற்றுத் தண்ணீர் எடுக்கப் போனாள். கண்மாய் மண்ணில் ஆள் உயரத்துக்குக் குழி தோண்டி, அதில் கசிகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவது. ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரம் ஆகும். மற்ற பெண்கள் போய்விட்ட பிறகு, குடம் முக்கால் நிறைந்தபோது, இடுப்பில் வலி பிடித்தது. குழியிலிருந்து எப்படியோ மேலேறி, மண்டி போட்டபடி கையைத் தூக்கித் தூக்கி யாராவது வாங்களேன் என்று கத்தினாள். யாரும் வரவில்லை. உச்சிவேளைக்கு ஆடு மேய்க்க வந்தவள்தான் பார்த்தாள், அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது, அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளையும் தங்கவில்லை. கமுதியில் ஒரு காதுகுத்துக்குப் படமெடுக்கப் போயிருந்த கூரிச்சாமி சாயங்காலம் வந்து, சுவரில் தலையை முட்டி முட்டி அழுதார். "நீங்க இருந்திருந்தா விட்ருப்பீகளா, யாரும் இல்லாமப் போச்சு, நம்ம விதி" என்று பிள்ளையைப் பறிகொடுத்தவள்தான் அவரைத் தேற்றினாள். யாரும் இல்லை, இருந்திருந்தால் வந்திருப்பார்கள். பூரணம் இந்தப் பதினான்கு வருடத்தையும் கடந்தது இந்த ஒரே நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான், இது மட்டும் இல்லையென்றால் அவள் அந்த வீட்டில் ஒரு நாள்கூட இருந்திருக்க மாட்டாள்.

இப்படியிருக்க, ஒரு பங்குனி மாதம், பழைய இதழ் என்று நினைத்துப் புது இதழிலிருந்தே ஒரு பக்கத்தைக் கிழித்துத் தட்டில் விரித்துவிட்டாள் பூரணம். காலையில் பார்த்தால் துவரம்பருப்பு ஊறிக் கிடக்கிறது, மிளகாய் வற்றல் மிதக்கிறது, தட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஓடு ஒழுகுகிறது என்று புருஷனை வைது தீர்த்தாள். மழை பெய்து எட்டு மாதமாச்சே என்று அவர் சொன்ன பிறகுதான் அடியிலிருந்த தாளை உருவினாள். ஏதோ ஒரு மலையருவியின் படம். தாளை நிமிர்த்திப் பிடித்தால் கொட்டியது, கிடத்தி வைத்தால் கசிந்தது, சுருட்டினால் நின்றது. பூரணம் ஒரு கணம் யோசித்தாள், பிறகு ஆணியடித்து அதைச் சுவரில் மாட்டி, கீழே அண்டாவை வைத்தாள்.

பக்கத்து வீட்டுப் போதும்பொண்ணு, உப்புக் கேட்க வந்தவள், அருவியைப் பார்த்து, "ஏத்தா, எங்க வாங்குன?" என்றுதான் கேட்டாள், அது எப்படிக் கொட்டுகிறது என்று கேட்கவில்லை, ஏனென்றால் நான்கு மைல் தூரம் வண்டியில் குடம் தள்ளுகிறவளுக்கு அந்தக் கேள்விக்கெல்லாம் நேரம் கிடையாது. அன்று மாலைக்குள் காதர் பாய் கடையில் தேங்கியிருந்த அந்த இரண்டாவது பிரதிக்கு அடிதடியே நடந்தது. அடுத்த மாதம் ஐம்பது வந்தது, அதற்கடுத்த மாதம் இருநூறு, ஆடி பிறந்தபோது வீட்டுக்கு ஒன்று வீதம் நானூறு ஒளிக்கூடு பேருந்தின் தலையில் ஏறிக் கூத்தனேந்தலுக்கு வந்தது. மதுரைக்காரர்கள் இந்த ஊரில் என்னவோ பெரிய கலைக்கூடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

போனில் எல்லாம் ஓசிதானே என்று சொன்னவர்களும் சும்மா இருக்கவில்லை. போதும்பொண்ணின் மகன் துபாயிலிருந்து ஒரு முழு ஆற்றையே போனில் அனுப்பினான். அவள் அந்தப் போனை அண்டாவுக்கு மேல் தலைகீழாகப் பிடித்து, குலுக்கி, துடைத்து, மறுபடி குலுக்கி, கடைசியில் கை வலித்து மகனை வைதாள். அச்சடித்த தாளிலிருந்துதான் வந்தது. அதிலும் கடல் படம் என்றால் கரிக்கும், ஆனால் அதைக் காய்ச்சி உப்பெடுத்தவர்கள் இருந்தார்கள். நகரத்து மழைப் படத்தில் பெட்ரோல் வாடை வரும், துணி துவைக்க ஆகும். கருப்பு வெள்ளைப் படத்துத் தண்ணீரில் பித்தளைக் குடத்து ருசி இருந்தது, வயசாளிகள் அதையே கேட்டு வாங்கினார்கள். பூச்சிகள் சிறப்பிதழ் என்று ஒரு மாதம் வந்தபோது ஊரே கொதித்துப் போனது. தும்பிச் சிறகில் ஒரு பனித்துளி, அவ்வளவுதான் நூறு பக்கத்துக்கும்.

பொடி எழுத்து வரியை ஊர்ப் பெண்கள் படிக்கக் கற்றதும் அப்போதுதான். ஒரு நொடி, இரண்டு நொடி என்று நிதானமாக எடுத்த அருவிப் படம் பார்க்கப் பால் மாதிரி இருக்கும், மாட்டி வைத்தால் புகையாக வரும், குடம் நிறையாது. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் துளித்துளியாக உறைந்து ஆலங்கட்டி மாதிரி விழுந்து குடத்தை நெளிக்கும். நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்குதான் நல்ல தண்ணீர். "அடியாத்தி, இது ரெண்டு செகண்டுடி, வேணாம், அடுத்த பக்கத்தப் பாரு" என்று ஐந்தாவது தாண்டாதவர்கள்கூடக் கடை வாசலில் நின்று பேசினார்கள். எந்த லென்ஸ் எத்தனை அடி தூரத்திலிருந்து எடுத்தால் ஓடை எவ்வளவு அகலம் தெரியும் என்பதைக் கூரிச்சாமி வாசலில் உட்கார்ந்து அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். நேற்று வரை கிறுக்கன், இன்றைக்கு அண்ணே என்ற மரியாதை. கட்டிலுக்கடியில் இருந்த பழைய இதழ்களை ஊரே இரவல் கேட்டு வந்தது. வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்த புருஷனைப் பார்த்துப் பூரணத்துக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவளும் முதல் வரிசையில் உட்கார்ந்து பாடம் கேட்டாள்.

புரட்டாசியில் ஒளிக்கூடு ஆசிரியர் காதர் பாயின் போனுக்கே பேசினார். தமிழ்நாட்டில் வேறெந்த ஊரிலும் இப்படி விற்பதில்லை, ஆண்டு மலர் தண்ணீரைப் பற்றியது, அட்டைக்கு உங்கள் ஊர்ப் படம் ஒன்று வேண்டும் என்றார். ரேஷன் கடை முன்னால் ஊர் கூடியது. பதினோரு வருடத்துக்கு முன் ஒரே ஒரு தடவை கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாகத் தண்ணீர் மறுகால் பாய்ந்ததே, அந்தப் படம் கூரிச்சாமியிடம் இருக்கிறது, அது அட்டையில் வந்துவிட்டால் நம் கண்மாய்த் தண்ணீர் நமக்கே திரும்பி வந்துவிடும், வீட்டுக்கு ஒரு கண்மாய், என்று ஊராட்சித் தலைவர் சொன்னார். கைதட்டலில் காக்கைகள் பறந்தன. "அனுப்பீர்றேன்" என்றார் கூரிச்சாமி. அன்றிலிருந்து இரண்டு நாள் ஸ்டூடியோக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். சோறு கொண்டுபோன பூரணம், மேசை மேல் இரண்டு படங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்ததை மட்டும் பார்த்தாள்.

ஆண்டு மலர் ஐப்பசி முதல் சனிக்கிழமை காலைப் பேருந்தில் வந்தது. கொட்டு அடித்தார்கள், கட்டுகளுக்கு மாலை போட்டார்கள், தலைவர் பூந்தி கொடுத்தார். அட்டையில் நிறைந்த கண்மாய்தான் வந்து கொட்டப்போகிறது என்று, அவரவர் வீட்டில் இருந்த அண்டா, குண்டா, தொட்டி, வாளி எல்லாவற்றையும், பாதி நிறைந்திருந்ததையும் சேர்த்து, வரிசையாக வைத்துவிட்டு வந்திருந்தார்கள். பார்சல் காகிதத்தோடு வாங்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரே நேரத்தில் நானூறு வீட்டிலும் காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது.

அட்டையில் தண்ணீர் இல்லை. அடிவரை வெடித்துக் கிடந்த கண்மாய் மண், ஒரு ஊற்றுக் குழி, கவிழ்ந்த குடம், மண்டி போட்டபடி ஒரு கையை வானத்தைப் பார்க்கத் தூக்கியிருந்த ஒரு பெண். அவ்வளவுதான் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டு ஆண்டாளின் அண்டாவில் தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியது, போதும்பொண்ணு வீட்டுத் தொட்டியில் ஒரு சாண் இறங்கியது, எல்லா வீட்டிலும் யாரோ தொண்டை நனையக் குடிக்கிற மடக் மடக்கென்ற சத்தம் கேட்டது. அந்தப் படம் குடித்துக்கொண்டிருந்தது. படம் கொடுத்துத்தான் ஊர் பார்த்திருந்ததே தவிர, கேட்டு யாரும் பார்த்ததில்லை.

பூரணம் படத்தை முதலில் பார்க்கவில்லை. ஏழு மாதப் பழக்கம், கண் நேரே பொடி எழுத்து வரிக்குத்தான் போனது. படம்: கூரிச்சாமி. கூத்தனேந்தல் கண்மாய். 2002 மே 17, வெள்ளி, காலை 9.40. லென்ஸ் 135 மி.மீ., நொடியில் 250இல் ஒரு பங்கு.

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள். அப்புறம்தான் மேலே பார்த்தாள். அந்தச் சேலை அவளுடையது. அந்தக் கை அவளுடையது. அந்த வயிறு, அதற்குள் அந்த நேரத்தில் இன்னும் உயிர் இருந்திருக்க வேண்டும். அடுக்களை வாசலில் உட்கார்ந்தாள். காது அடைத்துக்கொண்டது, வெளியே அடித்துக்கொண்டிருந்த கொட்டு எங்கேயோ தண்ணீருக்கு அடியில் அடிப்பதுபோல் கேட்டது. யாரும் இல்லை, யாரும் இல்லை என்று பதினான்கு வருடம் சொல்லிச் சொல்லித் தூங்கியவளுக்கு, இருந்தது யார் என்று பெயரும் நேரமும் போட்டு அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள்.

கூரிச்சாமி கழுத்தில் தலைவர் போட்ட துண்டோடு உள்ளே வந்தார். அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் நின்றார்.

"நீங்க கமுதிக்குப் போகலையா?"

"போனேன். போற வழியில கரையில வண்டிய நிறுத்துனேன்."

"நானுன்னு தெரியலையாக்கும்?" என்றாள் பூரணம். தெரியவில்லை என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று அவள் மனசு கெஞ்சியது. ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட அன்றைக்கு நம்பியிருப்பாள்.

"மொதல்ல தெரியல."

"பெறகு?"

"லென்ஸ்ல பாத்ததும் தெரிஞ்சுச்சு."

"கத்துனேனே, கேக்கலையா?"

"காத்து அந்தப் பக்கம் அடிச்சுச்சு."

"கைய ஆட்டுனேனே!"

கூரிச்சாமி துண்டைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டார். "அந்தக் கைதான் பூரணம் அந்தப் படமே" என்றார். சொன்ன பிறகு தன் வாயைத் தானே பொத்தினார். ஆனாலும் பொத்திய கைக்குள்ளிருந்தே மிச்சமும் வந்தது. "நான் எடுத்ததுலயே நல்ல படம் அதுதான். பதினாலு வருசம் பொட்டிக்குள்ளயே வச்சிருந்தேன். கண்மாய் நெறஞ்ச படத்தயும் அதயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன், மனசு கேக்கல."

"தேதியாச்சும் எழுதாம அனுப்பியிருக்கலாமுல்ல."

"முதுகுப் பக்கம் எல்லாத்தயும் எழுதி அனுப்பலேன்னா அவுக படத்தப் போட மாட்டாக."

பூரணம் அவரை ஏதோ புதிதாகக் குடிவந்த ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "எத்தன எடுத்தீக?"

"ரோல் முடியிற வரைக்கும்."

ரோல் என்றால் முப்பத்தாறு படம் என்று அவர்தான் வாசலில் உட்கார்ந்து ஊருக்குப் பாடம் சொல்லியிருந்தார். பூரணத்துக்கு அது தெரியும். "முடிஞ்ச பெறகு?"

"நீயா எந்திரிச்சு வந்துருவன்னு நெனச்சேன். காதுகுத்துக்கு நேரமாயிருச்சு."

இதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. கூத்தனேந்தலில் அன்றைக்கு அந்தப் பொடி எழுத்தைப் படிக்காத பெண் ஒருத்தி கிடையாது. வெள்ளிக்கிழமை, காலை 9.40, நூற்று முப்பத்தைந்து லென்ஸில் ஆள் இந்த அளவு தெரிந்தால் அறுபது அடி என்று ஒவ்வொருத்தியும் தன் வீட்டு நடுக்கூடத்தில் நின்று கணக்குப் போட்டு முடித்திருந்தாள். தண்ணீர் போச்சே என்று சண்டைக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்த தலைவர், ஒரு சத்தமும் இல்லாததைப் பார்த்து மெல்லப் பின்வாங்கினார். போதும்பொண்ணு மட்டும் உள்ளே வந்தாள். தன் கையிலிருந்த அட்டையைத் தரையில் வைத்து, இடுப்புக் குடத்தைச் சாய்த்து, "குடி ஆத்தா, குடி. அன்னைக்கு நாங்க ஒருத்தியும் வரல. குடி" என்று ஊற்றினாள். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் தாள் வாங்கிக்கொண்டது. அப்புறம் ஒவ்வொரு வீட்டிலும் அதே மாதிரி ஊற்றினார்கள். சேமித்து வைத்த அருவிகளையும் ஓடைகளையும் எடுத்து மாட்டி, நிறைத்து, ஊற்றினார்கள். வெயில் ஏறியபோது ஊரில் ஒரு குடம் தண்ணீர் இல்லை, ஆனால் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது அட்டைகளிலும் அந்தப் பெண் தூக்கிய கையை இறக்கிவிட்டு, கவிழ்ந்த குடத்தை நிமிர்த்தி, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

மிச்சமிருந்த ஒன்று கூரிச்சாமியின் பிரதி. அவரும் ஊற்றிப் பார்த்தார். சொம்பில் ஊற்றினார், வாளியில் ஊற்றினார், அடுத்த ஊருக்கு சைக்கிளில் போய் இரண்டு குடம் வாங்கிவந்து ஊற்றினார். அவர் ஊற்றியதெல்லாம் அட்டையில் பட்டு வழிந்து, முற்றத்துச் சரிவில் ஓடி, கோழிகள்தான் குடித்தன. அந்த ஒரு அட்டையில் மட்டும் கை தூக்கியபடியே இருந்தது. "வாங்கிக்கிடு பூரணம்" என்று அவர் அட்டையைப் பார்த்துக் கெஞ்சினார். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த பூரணம் திரும்பவில்லை.

மூன்றாம் நாள் காதர் பாய் வந்தார். ஊரில் இரண்டு கட்சி. இந்தப் புத்தகமே வேண்டாம், இனி எது வந்து எதைக் குடிக்குமோ, போனில் பார்ப்பதே நல்லது, அதில் யார் எடுத்தார், எங்கே நின்று எடுத்தார் என்ற வரியெல்லாம் இருக்காது, நிம்மதியாகப் பார்க்கலாம் என்றது ஒரு கட்சி. அந்த வரிக்காகவே வாங்க வேண்டும் என்றது இன்னொரு கட்சி. கடைசியில் பூரணம் சொல்கிறபடி செய்வோம் என்று காதர் பாயை அனுப்பியிருந்தார்கள். அவர் வாசலில் நின்று, கூரிச்சாமி பக்கம் பார்க்காமல், தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, மதுரைக்குச் சொல்லணும். புத்தகத்த நிறுத்திப்புடவா?"

"நிறுத்தாதீக பாய். ரோல்ல முப்பத்தாறு இருக்காம். வந்தது ஒண்ணு. மிச்சம் முப்பத்தஞ்சும் வரணும்."

"எதுக்குத்தா, பாத்தது போதாதா?"

"மொதப் படத்துலருந்து கடைசிப் படம் வரைக்கும் நான் கொஞ்சமாச்சும் பெருசாகுறேனான்னு பாக்கணும் பாய். இவுக ஒரு எட்டு பக்கத்துல வந்திருந்தாக்கூட நான் பெருசாத் தெரிவேன்ல? ஒரு படத்துலயாச்சும்?"

காதர் பாய் அப்போதுதான் கூரிச்சாமி பக்கம் திரும்பினார். முற்றத்தில் ஈர அட்டையோடு உட்கார்ந்திருந்த அவர் தலையைத் தூக்காமல் பேசினார்.

"மாட்ட, பூரணம். எல்லாத்துலயும் ஒரே அளவுதான்."

பூரணம் எழுந்து சேலையை உதறிச் செருகினாள்.

"அப்ப மாசம் ஒண்ணா எல்லாத்தயும் இவுக அனுப்பட்டும், முப்பத்தஞ்சு மாசத்துக்கும் நானூறு போடச் சொல்லுங்க பாய்" என்றாள்.